‘மழைக்காடு’ என்பது எந்தக் காடு?



கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் ‘வெளிக்காட்டு வேலை’ என்றால் எல்லாருக்கும் புரியும். பால்மரமோ செம்பனையோ, தோட்டம் முழுவதுமே நமக்குக் ‘காடு’தான். பேச்சில் இது தவறில்லை. ஆனால், ‘மழைக்காட்டுக்கு எடுத்துக்காட்டுத் தருக’ என்ற வினாவுக்கு ‘ரப்பர் காடு’ என்று எழுதினால் புள்ளி போய்விடும். ஏன் என்று பார்ப்போம்.

இது பழந்தமிழ்ச் சொல் அன்று. ஜெர்மானியத் தாவரவியலாளர் ஷிம்பர் 1898இல் வெளியிட்ட நூலில் ‘ரேகன்வால்ட்’ என்ற சொல்லை ஆண்டார். ‘ரேகன்’ மழை, ‘வால்ட்’ காடு. அது ஆங்கிலத்தில் ‘ரெயின் ஃபாரஸ்ட்’ ஆனது. தமிழில் மழைக்காடு. மலாயில் ‘ஹூத்தான் ஹூஜான்’. அங்கே காடு முன்னே, மழை பின்னே. அந்த வரிசையிலேயே மொழிபெயர்த்து ‘காட்டு மழை’ என்று எழுதிவிடாதீர்கள்!

சரி, நம் முல்லை நிலமும் காடுதானே? ஆம். ஆனால், முல்லைக்கு உரிய பெரும்பொழுது கார்காலம் மட்டுமே. மழைக்காட்டிலோ ஆண்டு முழுவதும் மழை உண்டு. பல இன மரங்கள் அடுக்கடுக்காக வளரும். எப்போதும் பசுமையாக இருக்கும். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையே இருப்பதால் ‘வெப்பமண்டல மழைக்காடு’ என்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் ‘அயனமண்டலம்’ என்று வரும், இரண்டும் ஒன்றே.

மாணவர்களுக்கு ஓர் எளிய வழி: முன்சொல்லைப் பாருங்கள். அந்தக் காட்டின் தன்மையை அது காட்டிக் கொடுக்கும்.

• மழைக்காடு: மழையால் செழிப்பது. கோலகுபு பாரு மலைச்சரிவுகளில் காணலாம்.
• அலையாத்திக் காடு: கடலலையின் வேகத்தை ஆற்றுவது. கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் உண்டு.
• பால்மரக் காடு: மனிதன் நட்ட ஒரே மரம்.

இலக்கணக் குறிப்பு: மழை + காடு = மழைக்காடு. ‘மழையால் செழிக்கும் காடு’ என விரியும். மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ஆகவே வலி மிகும். ‘மழைகாடு’ என்பது பிழை.

ஆசிரியர்களே, பிள்ளை ‘ரப்பர் காடு’ என்று சொன்னால் உடனே அடித்துவிடாதீர்கள். “அந்தக் காட்டில எத்தனை வகை மரம் இருக்கு?” என்று கேளுங்கள். “ஒண்ணுதான் சார்” என்று வரும் பதிலிலேயே பாடம் முடிந்துவிடும். காட்டை அழித்துத்தான் தோட்டம் போட்டார்கள் என்பதும், பச்சையாக இருப்பதெல்லாம் காடாகிவிடாது என்பதும் அப்போது அதற்கே விளங்கும்.