கட்டை, கம்பி, காந்தம்: வீட்டில் உருவாகும் எலெக்ட்ரிக் கிடார்

வீணை செய்கிறவருக்குக் குடம்தான் உயிர். பலாமரத்தைக் குடைந்து, கனம் பார்த்து, தட்டிக் கேட்டு, மறுபடி செதுக்கி அவர் உண்டாக்குவது உண்மையில் மரத்தை அல்ல, மரத்துக்குள் இருக்கும் வெற்றிடத்தை. வயலினுக்கும் சாதாரண மரக் கிடாருக்கும் இதே கதைதான். மேற்பலகை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனம். அதில் அரை மில்லி கூடிவிட்டாலும் நாதம் மந்தமாகிவிடும். ஆகவேதான் இவையெல்லாம் குருவின் பக்கத்தில் உட்கார்ந்து வருடக்கணக்கில் கற்கும் தொழில்களாக இருக்கின்றன.

எலெக்ட்ரிக் கிடார் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. அதில் ஒலியைப் பெரிதாக்குவது ஆம்பிளிஃபயர். மரத்துக்கு அந்த வேலை இல்லை. இரும்புக் கம்பி அதிர்கிறது, கீழே காந்தமும் செம்புக்கம்பிச் சுருளும் இருக்கின்றன, சுருளில் மின்சாரம் எழுகிறது. ஃபாரடே 1831இல் கண்டுபிடித்த மின்தூண்டல்தான், வேறொன்றுமில்லை. கம்பியை அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு உறுதியான கட்டை போதும். இதனால்தான் உலகத்து வாத்தியங்களில் ஓரளவு கைத்திறன் உள்ள குடும்பஸ்தன் வார விடுமுறைகளில் தானே செய்து, மேடையில் வாசிக்கும் தரத்துக்குக் கொண்டுவரக் கூடியதாக இது அமைந்துவிட்டது. மும்பையில் முப்பது ஆண்டுகளாகப் பெயிண்டும் பாலிஷும் விற்கும் எனக்கு இந்த விஷயம் புத்தகத்தின் வழியாக வரவில்லை. கடைக்கு வந்து, "அங்கிள், கிடாருக்கு என்ன அடிக்கலாம்?" என்று கேட்ட பிள்ளைகளின் வழியாக வந்தது. அதில் பாதிப் பேர் நம் தமிழ் வீட்டுப் பையன்கள்.

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லெஸ் பால் என்ற அமெரிக்கக் கிடார் கலைஞர் 1940 வாக்கில் நான்கங்குலச் சதுரமான ஒரு பைன் கட்டையில் கம்பி கட்டி வாசித்தார். பார்ப்பதற்குக் கிடார் மாதிரி தெரிய வேண்டும் என்று ஒரு பழைய கிடாரின் உடலை இரண்டாக அறுத்து இரு பக்கமும் ஒட்டிக்கொண்டார். பிறகு கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர், கிடார் வாசிக்கவே தெரியாத மனிதர், 1950இல் கட்டை உடல் கிடாரை வியாபாரத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருடம் அதற்கு டெலிகாஸ்டர் என்று பெயர் நிலைத்தது. அவர் செய்த பெரிய காரியம், தண்டியை உடலோடு பசை போட்டு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் பிணைத்தது. கெட்டுப்போனால் கழற்றி மாற்றலாம். இன்று வீட்டில் கிடார் செய்கிற எவரும் அந்த ரேடியோக்காரருக்குக் கடன்பட்டவர்தான்.

பொழுதுபோக்காகக் கிடார் செய்வதென்றால் எல்லோரும் காட்டும் உதாரணம் ஒன்று உண்டு. லண்டன் புறநகரான ஃபெல்தமில் பிரையன் மே என்ற பதினாறு வயதுப் பையனுக்கு ஃபெண்டர் கிடார் வேண்டும். வீட்டில் அவ்வளவு காசு இல்லை. தகப்பனார் ஹரால்டு மின்னணுப் பொறியாளர், கைவேலையும் தெரிந்தவர். 1963 ஆகஸ்டில் இருவரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். பழைய கணப்படுப்பைச் சுற்றியிருந்த மகோகனிச் சட்டம் தண்டி ஆயிற்று. அதில் பூச்சி அரித்த துளைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். உடலின் நடுப்பாகம் ஒரு பழைய ஓக் மேஜை. கம்பியைத் தளர்த்தி இழுக்கும் பொறிக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள் இரண்டு. அதன் கைப்பிடி நுனியில் அம்மாவின் பின்னல் ஊசித் துண்டு. மெட்டு அடையாளப் புள்ளிகளுக்கு அம்மாவின் சட்டைப் பொத்தான்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் முடிந்தது. மொத்தச் செலவு எட்டு பவுண்டு என்று சொல்வார்கள்.

அந்தப் பையன் பிறகு குவீன் குழுவின் கிடார் கலைஞரானார். (அதே குழுவில் பாடிய ஃப்ரெடி மெர்குரி நம் பாஞ்ச்கனியில் படித்த பார்சிப் பையன் என்பதை மகாராஷ்டிரத்தில் வாழும் நாம் சொல்லிக்கொள்ளலாம்.) 2002இல் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரையில் நின்று அவர் வாசித்ததும் அதே கிடார்தான். 2007இல் வானியற்பியலில் டாக்டர் பட்டமும் வாங்கினார். நான் கவனிக்கச் சொல்வது புகழை அல்ல. முதலில் அவர் தாமே காந்தம் வாங்கிச் சுருள் சுற்றினார். கம்பியைப் பக்கவாட்டில் வளைத்தால் ஒலி மாறி வேடிக்கை காட்டியது. பக்கத்துப் பக்கத்துக் காந்தங்களின் துருவங்கள் வடக்கும் தெற்குமாக மாறி நின்றதுதான் காரணம் என்று கண்டுகொண்டார். அந்தச் சுருள்களை எடுத்துவிட்டுக் கடைச் சுருள் வாங்கிப் பொருத்தினார். பையன் பௌதிகம் படித்தது புத்தகத்தில் மட்டுமல்ல.

இனி கணக்கு. கிடாரில் மெட்டு வைப்பது வீணையில் மேளம் கட்டுவதைப் போன்றதல்ல. வீணையில் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த மெழுகின் மேல் மெட்டை வைத்து, காதால் கேட்டு, நகர்த்தி நகர்த்தி உட்கார வைப்பார்கள். சரியில்லை என்றால் மெழுகை இளக்கி மறுபடி செய்யலாம். (அந்தத் தேன்மெழுகுக்கே முகம் சுளித்தவர் என் தகப்பனார், அது வேறு கதை.) கிடாரில் மரத்தில் ரம்பத்தால் 0.6 மில்லி அகலத்தில் பள்ளம் அறுத்து மெட்டை அடித்து இறக்குகிறோம். அறுத்தது அறுத்ததுதான்.

ஒரு ஸ்தாயியைச் சமமான பன்னிரண்டு படிகளாகப் பிரித்தால் ஒவ்வொரு படிக்கும் விகிதம் 2இன் பன்னிரண்டாம் மூலம், அதாவது 1.05946. இதைத் தச்சர் பாஷையில் சொன்னால்: மீதமிருக்கும் கம்பி நீளத்தை 17.817ஆல் வகுத்தால் அடுத்த மெட்டின் தூரம் வரும். ஃபெண்டர் கிடாரில் மேருவிலிருந்து குதிரை வரை 648 மில்லிமீட்டர். முதல் மெட்டு 36.37இல், ஐந்தாவது 162.55இல், ஏழாவது 215.51இல், பன்னிரண்டாவது சரிபாதியான 324இல் வரும். பழைய காலத்து ஐரோப்பியக் கைவினைஞர்கள் தசமக் கணக்கின் தொல்லை வேண்டாம் என்று 18ஆல் வகுத்தார்கள். அப்படிப் போனால் பன்னிரண்டாவது மெட்டு 321.64இல்தான் வந்து நிற்கும். இரண்டு மில்லி சொச்சம்தானே என்று தோன்றும். ஆனால் சுருதியில் அது அரைஸ்வரத்தில் எட்டில் ஒரு பங்கு குறைவு. சங்கீதம் தெரிந்த காது உடனே பிடித்துவிடும். இன்னொன்று: ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு அளந்து போகக் கூடாது, பிழை சேர்ந்துகொண்டே போகும். எல்லா மெட்டையும் மேருவிலிருந்தே அளக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் இந்த மூலக் கணக்கு என்னத்துக்கு என்று கேட்கிற பையனுக்கு ஒரு தண்டியைக் கையில் கொடுத்துப் பாருங்கள்.

மரத்தைப் பற்றி எவ்வளவோ கதை விடுகிறார்கள். இந்த மரம் பாடும், அந்த மரம் இனிக்கும் என்பார்கள். மரக் கிடாருக்கு அது உண்மை. கட்டைக் கிடாரில் காந்தச் சுருளும் அது இருக்கும் இடமும் கம்பியும் செய்கிற வித்தியாசத்துக்கு முன்னால் உடலின் மரம் செய்வது சொற்பம் என்பதே என் கட்சி. மரத்திடம் கேட்க வேண்டியது வேறு: காய்ந்திருக்கிறதா, முறுக்காதா? ஆறு கம்பிகளும் சேர்ந்து தண்டியை இழுக்கும் விசை ஏறக்குறைய 45 கிலோ. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் எடை இரவும் பகலும் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எதிர்த்துத் தாங்கத் தண்டிக்குள் ஒரு எஃகுக் கம்பி உண்டு. முறுக்கினால் தண்டி பின்னுக்கு வளையும். கிப்சன் கம்பெனியின் தொழிலாளி தாடியஸ் மெக்ஹியூ இதற்கு 1923இல் காப்புரிமை பெற்றார். மும்பையின் ஜூலை மாதக் காற்றில் கிடந்த பலகையை அப்படியே அறுத்துத் தண்டி செய்தால், ஜனவரியில் அது சுருங்கி மெட்டின் முனைகள் இரு பக்கமும் நீட்டிக்கொண்டு விரலைக் கிழிக்கும். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது, அகலவாக்கில்தான் ஊதுவதும் சுருங்குவதும்.

விரல்பலகைக்கு உலகம் முழுவதும் தேடுவது நம் ஊர் ஈட்டி மரத்தை. பிரேசில் ரோஸ்வுட் 1992இல் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் ஏறியது. அதற்கு முன்பே அது அருகிவிட்டதால் கிடார்க் கம்பெனிகள் தென்னிந்திய ஈட்டிக்கு மாறியிருந்தன. 2017 ஜனவரியில் ஈட்டியும் அனுமதிச்சீட்டு தேவைப்படும் பட்டியலில் சேர்ந்தது. கைக்கிடாரோடு விமானம் ஏறுகிறவர்கள்கூடப் பயந்தார்கள். 2019 நவம்பரில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்தது, வெறும் பலகைக்குக் கிடைக்கவில்லை. பழைய ஈட்டிக் கட்டில், அலமாரி உடைத்த துண்டு கிடைத்தால் அதுவே உத்தமம். பல வருடம் காய்ந்த மரம், புதிதாக ஒரு மரம் வெட்ட வேண்டியதும் இல்லை. அதன் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பு உண்டாக்கும் என்பதால் முகமூடி அவசியம்.

இப்போது என் கடைச் சரக்குக்கு வருகிறேன். எலெக்ட்ரிக் கிடாரின் அழகு பெயிண்டில் இருக்கிறது, அபாயமும் அங்கேதான். ஃபெண்டர் தம் கிடார்களுக்குத் தனி வர்ணம் தேடவில்லை. கார் பெயிண்டையே அடித்தார். ஃபியஸ்டா ரெட் என்பது ஃபோர்டு காரின் சிவப்பு, லேக் பிளாசிட் ப்ளூ காடிலாக்கின் நீலம். அந்தக் காலத்துப் பெயிண்ட் பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், நம் கடைகளில் என்.சி. என்பார்கள்.

எதை அடித்தாலும் முக்கால்வாசி வேலை அடிப்பதற்கு முன்பே. 120ஆம் நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 180, 220, 320 என்று ஏற வேண்டும். ஒன்றைத் தாண்டினால் கீறல் பெயிண்டுக்கு அடியில் பல் இளிக்கும். பிறகு ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தால் மரநார் மயிர் மாதிரி எழும்பும். காய்ந்ததும் அதைத் தேய்க்க வேண்டும். தேக்கு, மகோகனி போன்ற துளை மரங்களுக்கு ஃபில்லர் தேய்த்துத் துளையை அடைக்காவிட்டால் எத்தனை கோட் அடித்தாலும் மேற்பரப்பு அம்மைத் தழும்பாகத்தான் இருக்கும். அப்புறம் சீலர், அப்புறம் மெல்லிய கோட்டுகள்.

மழைக்காலத்தில் என்.சி. அடித்தால் பால் ஊற்றியது போல் வெளுத்துவிடும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர வைக்கிறது, காற்றின் ஈரம் அதில் பனியாகப் படிகிறது, அவ்வளவுதான் ரகசியம். மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் கொஞ்சம் சேர்த்தால் சரியாகும். வெயில் நாள் வரும்வரை காத்திருந்தால் இன்னும் சரி.

இரண்டு டப்பா பி.யூ. பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரே செய்த மூடுபனி நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்பு அதற்கு எதிரியாகிவிட்டால் பிறகு துளி போதும். கைக்குட்டையும் துணி முகமூடியும் இதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகக்கவசம் வேண்டும். அது தொழிற்கூடத்து ஏற்பாடு. ஒரு பையன் வந்து ஒரு லிட்டர் கேட்டான். "எங்கே தம்பி அடிப்பாய்?" என்றேன். "ராத்திரி பாத்ரூமில், கதவைச் சாத்திக்கிட்டு, தூசி விழாது அங்கிள்" என்றான். கொடுக்கவில்லை. தண்ணீரில் கரையும் வகை ஒன்றைப் பிரஷ்ஷோடு கொடுத்தனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே போனான். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். ஃபிளாட்டில் பூஜை விளக்கும் கேஸ் அடுப்பும் எட்டடி தூரத்தில் இருப்பதைத் தாய்மார்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய முறை அரக்கு. ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சு உருண்டையால் தேய்க்கும் பிரெஞ்சு பாலிஷ். விஷம் குறைவு, பளபளப்பு அபாரம், ஜார்க்கண்டில் ஏராளமாக விளைகிறது. ஆனால் அரக்கு பூச்சியின் சுரப்பு; சுரண்டி எடுக்கும்போது பூச்சிக்கூட்டமே அழிகிறது. இல்லறத்தார் விலக்க வேண்டியவை என்று சமண நூல்கள் சொல்லும் பதினைந்து தொழில்களில் தந்த வியாபாரம், அரக்கு வியாபாரம், விஷ வியாபாரம் மூன்றும் உண்டு. பழைய கிடாரில் தந்தமோ எலும்போ மேருவுக்கு, அரக்கு பாலிஷுக்கு, தோல் பசை ஒட்டுக்கு. இன்று மேருவுக்குச் செயற்கைப் பொருள், ஒட்டுக்கு ஃபெவிகால் மாதிரி பசை, மேலே எண்ணெய் என்று ஒரு உயிருக்கும் கெடுதலின்றி முழுக் கிடாரும் செய்யலாம். விஷ வியாபாரத்துக்கு நான் சொல்லும் பொருள், மேலே சொன்ன பையனுக்கு அந்த டப்பாவைக் கொடுப்பது.

ஃபிளாட்வாசிகளுக்கு என் சிபாரிசு டங் எண்ணெய் அல்லது ஆளிவிதை எண்ணெய். துணியால் தடவி, கால்மணி நேரம் விட்டு, மிச்சத்தைத் துடைத்து, மறுநாள் மறுபடியும். ஐந்தாறு முறை போனால் மரம் உள்ளிருந்து மின்னும். ஒரே ஒரு எச்சரிக்கை: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். எண்ணெய் காய்வது காற்றோடு சேரும் ரசாயன வினை, அதில் சூடு பிறக்கும், சுருட்டிய துணியில் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துப் போடுங்கள்.

என்.சி. அடித்தவர்கள் மூன்று நான்கு வாரம் தொடாமல் தொங்கவிட வேண்டும். அது சுருங்கிக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டுத் தேய்த்தால் மறு மாதம் மரத்தின் துளைகள் மேலே தெரியும். பிறகு வாட்டர் பேப்பர் 800, 1000, 1500, 2000, கடைசியில் ரப்பிங் காம்பவுண்ட். அதன்பிறகே காந்தச் சுருளையும் கம்பியையும் பூட்டுவது. பன்னிரண்டாவது மெட்டில் அழுத்திய ஸ்வரமும் அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பிய ஸ்வரமும் ஒன்றாக வரும்வரை குதிரையை ஸ்க்ரூடிரைவரால் நகர்த்த வேண்டும். அழுத்திய ஸ்வரம் ஏறி நின்றால் குதிரையைப் பின்னுக்கும், இறங்கி நின்றால் முன்னுக்கும் தள்ளுங்கள். ஆறு கம்பிக்கும் தனித்தனியாக, புதுக் கம்பி போட்ட பிறகு.