யோலண்ட் பவன்: கொழும்பு தந்த ஜாஸ் குரல்

கொழும்பில் பிறந்த யோலண்ட் பவன், இளவயதிலேயே இலங்கை வானொலியில் பாடியவர். ஆஸ்திரேலியாவில் கிரேம் பெல் இசைக்குழுவோடு மேடையேறி, பின்னர் லண்டன் சென்றார். அங்கே ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் நட்பு அவருக்கு வாய்த்தது.

1962இல் பாடகி ஆனி ராஸ் அமெரிக்காவின் புகழ்பெற்ற மூவர் பாடகர் குழுவிலிருந்து விலகியதும், அந்தக் குழு இவரை அழைத்தது. குழுவின் பெயரே ‘லாம்பர்ட், ஹென்ட்ரிக்ஸ் அண்ட் பவன்’ ஆனது. ட்ரம்பெட், சாக்ஸபோன் கலைஞர்கள் வாசித்த தனி ஆவர்த்தனங்களுக்குச் சொற்கள் அமைத்து, சுரம் பிசகாமல் அதே வேகத்தில் பாடும் ‘வோக்கலீஸ்’ இவர்களின் பாணி. மூச்சுக்கும் நாவுக்கும் கடும் சோதனை அது.

1963 நியூபோர்ட் ஜாஸ் விழாவில் மூவரும் பாடியது இசைத்தட்டாக வந்தது. 1972இல் வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவின் இசைத்தட்டிலும் இவர் குரல் இடம்பெற்றது. உலக ஜாஸ் வரலாற்றில் இலங்கைக்கு நிலையான இடம் தேடித்தந்தவர் இவர்.