ஹஜ்ஜுக்காக நடை பழகுவோர் கவனத்திற்கு

எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவருக்கு ஹஜ் செய்யும் நற்பேறு கிட்டியது. அறுபதைக் கடந்தவர், சற்றுப் பருத்த உடல், நெடுநாள் நீரிழிவு உள்ளவர். "புறப்பட இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. இன்றிலிருந்தே நடந்து பழகுங்கள்" என மருத்துவர் கூறியிருந்தார். பஜ்ருத் தொழுகை முடிந்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் கடற்கரைப் பக்கம் விரைந்து நடப்பதைக் கண்டு நாங்கள் மகிழ்ந்தோம். பத்தாம் நாளோடு அந்த நடை நின்றுவிட்டது.

"என்ன மாமா, நடையைக் காணோமே?" என்று கேட்டேன்.

"மூட்டு வலி" என்றார்.

ஆனால் பள்ளிவாசல் படியில் அவர் கால்களை அகட்டி அகட்டி இறங்குவதைப் பார்த்தபோது எனக்கு ஐயம் எழுந்தது. தனியே அழைத்து விசாரித்தேன். காதருகே குனிந்து, "சொல்லக் கூச்சமா இருக்கு ஹஜ்ரத். ரெண்டு தொடையும் உரசி உரசித் தோல் வழன்று போச்சு" என்றார்.

அன்பு வாசகர்களே! இதனை எழுத எனக்கும் தயக்கம் இருக்கவே செய்தது. எனினும் சுத்தம் பற்றிய சட்டங்களைப் பாடம் நடத்தும்போது உடலின் எப்பகுதியைப் பற்றியும் பேசத் தயங்காத நாம், அதே உடலுக்கு வரும் நோயைப் பற்றி மட்டும் ஏன் வாய் மூடியிருக்க வேண்டும்? ஒரு சிறு புண்ணை வெளியே சொல்லக் கூசியதால் அந்தப் பெரியவர் நடப்பதையே கைவிட்டார். நடையை விட்டால் சர்க்கரை ஏறும். புனிதப் பயணத்திலோ உடல் ஒத்துழைக்காது.

ஏன் உண்டாகிறது?

தோலும் தோலும், அல்லது தோலும் துணியும் மீண்டும் மீண்டும் உரசுவதே இதன் காரணம். வியர்வையில் ஊறிய தோல் மென்மையாகி எளிதில் உரிந்துவிடும். வியர்வை உலர்ந்தபின் எஞ்சும் உப்போ மணல் போல உறுத்தும். தொடையின் உட்புறம், அக்குள், இடுப்புப் பட்டை பதியும் இடம் ஆகியவை பெரும்பாலும் பாதிக்கப்படும். பெண்களுக்கு மார்பகங்களின் அடிப்பகுதியிலும் புண்ணாகும். நெடுந்தூரம் ஓடும் இளைஞர்களுக்கு, ஈரச் சட்டை உரசி மார்புக் காம்பில் இரத்தம் கசிவதும் உண்டு.

வருமுன் காப்பது எப்படி?

நடக்கப் புறப்படுமுன் உரசும் இடங்களில் மணமற்ற பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிய படலமாகத் தடவிக்கொள்ளுங்கள். நீண்ட நேரம் நடந்தால் இடையில் மீண்டும் ஒருமுறை தடவ வேண்டும். நடை முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவிவிடுங்கள். கடமையான குளிப்பின்போதும் அந்தப் பிசுக்கு முழுதும் நீங்கியதா என்று கவனியுங்கள்.

பவுடர் போடுவதே நம்மவர் வழக்கம். சிறிது நேரத்தில் அது வியர்வையோடு சேர்ந்து கட்டியாகி உரசலை மிகுதியாக்கும். மேலும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டால்க் என்னும் பொருளைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் பட்டியலில் 2024ஆம் ஆண்டு சேர்த்துள்ளது. குறிப்பாகப் பெண்கள் அதனை மறைவிடங்களில் தூவாதிருப்பதே நன்று.

கைலி மட்டும் உடுத்தி நடந்தால் தொடைகளுக்கு இடையே தடுப்பு ஏதும் இராது. உள்ளே முழங்கால் அருகு வரை வரும், உடலோடு ஒட்டிய உள்ளாடை அணிந்து நடக்கலாம். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். விளையாட்டு வீரர்கள் அணியும் செயற்கை இழை ஆடை விரைவில் உலரும். பெண்கள் புர்காவின் உள்ளே மெல்லிய பைஜாமா அணிவது பாதுகாப்பு.

இஹ்ராமில் இருக்கும்போது

வீட்டில் இத்தனை வசதியும் உண்டு. இஹ்ராமில் ஆண்களுக்குத் தைக்கப்படாத இரு துண்டுகள் மட்டுமே, உள்ளாடை கூடாது. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை நடப்பதே 3 கிலோமீட்டருக்குச் சற்று மிகும். தவாஃபும் மினா, அரஃபா நடைகளும் தனி. 2024 ஜூன் மாத ஹஜ் நாட்களில் மக்காவின் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அத்தகைய வெயிலில் வியர்வைக்குக் கேட்கவா வேண்டும்?

எனவே ஊரிலேயே இஹ்ராம் துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டு முற்றத்திலோ மாடியிலோ அரைமணி நேரம் நடந்து பாருங்கள். எங்கே உரசுகிறது என்பது தெரிந்துவிடும். இஹ்ராமில் நறுமணப் பொருள் விலக்கப்பட்டுள்ளதால், மணம் சேர்க்காத ஜெல்லியைப் பார்த்து வாங்கிப் பையில் வையுங்கள். அதைத் தொடையில் தடவுவதற்குத் தடையில்லை என்பதே அறிஞர் பலரின் கருத்து. உள்ளாடை அணிந்தே தீரவேண்டிய அளவுக்குப் புண் முற்றினால் மார்க்கத்தில் சலுகை உண்டு. அதற்குரிய ஃபித்யாவை நிறைவேற்ற வேண்டும். உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் புறப்படும் முன்பே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

புண் வந்துவிட்டால்?

வெதுவெதுப்பான நீரால் மெதுவாகக் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். நன்கு உலர்ந்தபின் ஜெல்லியோ துத்தநாக ஆக்சைடு களிம்போ பூசுங்கள். தளர்ந்த ஆடை அணிந்து, ஆறும்வரை நடைக்கு விடுமுறை அளியுங்கள். ஸ்பிரிட், மஞ்சள்தூள், எலுமிச்சைச் சாறு, நீர் கலவாத கிருமிநாசினி ஆகியவை வேண்டா. அவை எரிச்சலையே கூட்டும்.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். உரசல் புண் நடந்த அன்றே எரியும். ஓய்வளித்தால் சில நாட்களில் ஆறிவிடும். வட்ட வட்டமாக விளிம்பு தடித்து, செதில் உதிர்ந்து, நாளுக்கு நாள் பரவி அரித்தால் அது படர்தாமரை. இரண்டையும் ஒன்றெனக் கருதி, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசுவோர் பலர். அரிப்பு உடனே அடங்கும்; ஆனால் பூஞ்சை உள்ளே வளர்ந்து பின்னர் எந்த மருந்துக்கும் எளிதில் பணியாது; தோலும் மெலிந்துபோகும். மருத்துவர் எழுதித் தராமல் அத்தகைய களிம்பைத் தொடாதீர்கள்.

சீழ், துர்நாற்றம், காய்ச்சல், பரவும் சிவப்பு இவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் இவை தோன்றும்வரைகூடக் காத்திராமல், புண் இரண்டு மூன்று நாட்களில் ஆறாவிட்டாலே காட்டிவிட வேண்டும். சர்க்கரை மிகுந்த உடலில் கிருமிகள் விரைந்து பெருகும்.

அந்தப் பெரியவரை அன்றே மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். பத்து நாட்களில் புண் ஆறியது. நடை மீண்டும் தொடங்கியது. ஹஜ்ஜிலிருந்து திரும்பியவரைக் காணச் சென்றபோது ஸம்ஸம் நீரை என் கையில் தந்துவிட்டு, "சக்கர நாற்காலி பேசி வைக்கலாம்னு பிள்ளைகள் சொன்னாங்க. அல்ஹம்துலில்லாஹ், ஏழு சுற்றும் என் காலாலேயே நடந்தேன் ஹஜ்ரத்" என்றார்.

உங்கள் வீட்டிலும் நடையைத் திடீரென்று நிறுத்திய தந்தையோ தாயோ இருக்கக்கூடும். மூட்டு வலி என்று அவர்கள் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். தனியே அமர்ந்து பரிவோடு ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.