ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு

மார்பில் கட்டி தட்டுப்பட்டு, நான்கு நாள் தூங்காமல் கிடந்த பெண்ணிடம் “ஸ்கேன் நார்மல்தாம்மா, பயப்படாதீங்க” என்று சொன்னால் வீட்டுக்கே உயிர் வந்துவிடும். ரிப்போர்ட் பீரோவுக்குள் போகும். கட்டி மட்டும் அங்கேயே இருக்கும். சில மாதங்கள் கழித்து அது பெரிதாகி, அக்குளிலும் நெறிகட்டிய பிறகு மறுபடி மருத்துவரிடம் ஓடுகிறவர்கள் நம் ஊரில் குறைவில்லை. ஸ்கேன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை முதலிலேயே யாராவது விளக்கியிருந்தால் அந்த மாதங்கள் வீணாகியிருக்காது.

இந்தியப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் இங்கே சுமார் 1,92,000 பேருக்குப் புதிதாக இந்நோய் வந்தது. சுமார் 98,000 பேர் இறந்தார்கள். தொடக்கத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடக்கூடிய நோய்க்கு இத்தனை சாவு என்றால், நாம் தாமதமாகப் போகிறோம் என்று அர்த்தம்.

மேமோகிராம் என்பது மார்பகத்துக்கான எக்ஸ்ரே. ஒரு தட்டின் மேல் மார்பை வைத்து, மேலிருந்து பிளாஸ்டிக் தகட்டால் சில விநாடிகள் அழுத்துவார்கள். வலிக்கும்; ஆனால் அழுத்தினால்தான் திசு விரிந்து கொடுத்து உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியும். பக்கத்துக்கு இரண்டாக நான்கு படங்கள் எடுப்பார்கள். விரலுக்கு எட்டாத சின்னக் கட்டியும், உப்புத் தூவியதுபோல் சிதறிய சுண்ணாம்புப் புள்ளிகளும் இதில் தெரியும். புற்றுநோயின் ஆரம்ப நிலை சில நேரம் அந்தப் புள்ளிகளாக மட்டுமே தென்படும். அன்றைக்கு அக்குளில் பவுடரோ டியோடரண்டோ போடாதீர்கள். படத்தில் அவையும் புள்ளிகளாக விழுந்து குழப்பும். மாதவிடாய் முடிந்த அடுத்த வாரம் போனால் வலி குறைவு. கதிர்வீச்சை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஒரு மேமோகிராமில் படுவது, இயற்கையாகவே இரண்டு மாதத்தில் நம் உடலில் படும் அளவுதான்.

இவ்வளவு நல்ல பரிசோதனையும் ஏறத்தாழ எட்டுப் புற்றுநோயில் ஒன்றைத் தவறவிடுகிறது. இளம்பெண்களின் மார்பகம் அடர்த்தியானது. படத்தில் அடர்ந்த திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை என்பதால் ஒன்றுக்குள் ஒன்று மறைந்துவிடும். அங்கே அல்ட்ராசவுண்ட் கைகொடுக்கும். கட்டிக்குள் இருப்பது நீரா, சதையா என்று அது காட்டிவிடும். முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலில் செய்வது இதைத்தான். ஆனால் அந்தச் சுண்ணாம்புப் புள்ளிகள் பலவும் அல்ட்ராசவுண்டில் தப்பிவிடும். எனவே நாற்பதைத் தாண்டியவர்கள் “மேமோகிராம் வலிக்கும், அல்ட்ராசவுண்ட் போதும்” என்று தாங்களாகவே முடிவு செய்வது சரியில்லை. குடும்பத்தில் பலருக்கு வந்திருந்தாலோ பிஆர்சிஏ மரபணு மாற்றம் இருந்தாலோ எம்ஆர்ஐயும் தேவைப்படும். முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் சேர்க்கப்படும் சிஏ 15-3 ரத்தப் பரிசோதனையும், வெப்பத்தைப் படமெடுக்கும் தெர்மோகிராமும் மேமோகிராமுக்கு மாற்று ஆகாது. அவற்றை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

ரிப்போர்ட்டின் கடைசியில் ‘பைராட்ஸ்’ என்று போட்டு ஓர் எண் இருக்கும். 0 என்றால் படம் போதவில்லை, இன்னும் பார்க்க வேண்டும். 1 என்றால் எதுவுமில்லை. 2 என்றால் இருப்பது சாதுவானது. 3 என்றால் புற்றுநோயாக இருக்க வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்குள். பொதுவாக ஆறு மாதத்தில் மறுபடி படம் எடுக்கச் சொல்வார்கள், அதைத் தவறவிடக் கூடாது. 4 என்றால் சந்தேகம், பயாப்சி (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பது) வேண்டும். 5 என்றால் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல். 6 என்பது ஏற்கெனவே பயாப்சியில் உறுதியானவர்களுக்கு. 4 என்று கண்டதும் ஒடிந்துபோக வேண்டாம், அதில் நிறையப் பேருக்குப் புற்றுநோய் இருக்காது. 1 என்று கண்டு, கையில் தட்டுப்படும் கட்டியை மறந்துவிடவும் வேண்டாம். மருத்துவரின் கைப் பரிசோதனை, ஸ்கேன், ஊசி ஆகிய மூன்றும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். ஒன்று முரண்பட்டாலும் விசாரணை முடியவில்லை.

நம் மக்கள் பின்வாங்குவது ஊசியிடம்தான். “கட்டியைக் குத்தினால் பரவிவிடும், கத்தி பட்டால் ஆள் தாங்காது” என்று பக்கத்து வீட்டுக்காரரிலிருந்து படித்த உறவினர் வரை சொல்கிறார்கள். இந்தப் பேச்சு எத்தனையோ பெண்களை நாட்டு மருந்துப் பற்றுக்கும் வேண்டுதலுக்கும் அனுப்பி, மாதங்களைத் தின்றிருக்கிறது. பயாப்சியால் நோய் முற்றுவதில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே சற்றுத் தடித்த ஊசியால் நூல் போன்ற சதைத் துணுக்குகளை எடுப்பார்கள். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். அது புற்றுநோயா, எந்த வகை, ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படுமா என்பதெல்லாம் அந்தத் துணுக்கில்தான் தெரியும். எந்த ஸ்கேனும் அதைச் சொல்லாது.

இதைவிட மோசமானதும் நடக்கிறது. “சின்னக் கட்டிதான், எடுத்துடலாம்” என்று சின்ன மருத்துவமனையில் பயாப்சி இல்லாமலே அறுத்துவிடுவார்கள். எடுத்த சதையைப் பரிசோதனைக்கும் அனுப்ப மாட்டார்கள். பிறகு அது புற்றுநோய் என்று தெரிந்தால் எவ்வளவு பெரிது, ஓரத்தில் மிச்சம் இருக்கிறதா என்று அறிய வழியே இருக்காது. “முதலில் பயாப்சி, எடுத்த சதைக்கு லேப் ரிப்போர்ட்” என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கேளுங்கள்.

கட்டியே இல்லாதவர்களுக்கும் பரிசோதனை உண்டு. 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை மார்பகத்தைக் கையால் பரிசோதிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். கைப் பரிசோதனைதானே என்று அலட்சியம் வேண்டாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை இருபது ஆண்டு தொடர்ந்து கவனித்து, 2021இல் முடிவை வெளியிட்டது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் கையால் பரிசோதித்த குழுவில், ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது.

இனி உங்கள் உரிமைகள். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தை மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் மாநிலங்களுக்கு அனுப்பியது. அதன்படி, ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்று கேட்கலாம். எந்த ஸ்கேன் சென்டரில் எடுப்பது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். வேறொரு மருத்துவரின் கருத்தையும் கேட்கலாம். ஆவணங்களை நீங்கள் கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி சொல்கிறது. ரிப்போர்ட்டோடு படங்களையும் சிடியில் வாங்கி வையுங்கள். அடுத்த முறை பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது புதிய படத்தைவிடச் சில நேரம் அதிகம் சொல்லும்.

ஸ்கேனில் தெரியாமல் போனதெல்லாம் மருத்துவரின் அலட்சியம் ஆகிவிடாது. ஆனால் ரிப்போர்ட்டில் 4 என்று எழுதியிருந்தும் உங்களிடம் மறைத்தாலோ, ஆவணம் தர மறுத்தாலோ மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம். மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ஆலோசனைக்கு 1915 என்ற எண்ணில் பேசலாம்.

பணம் இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் சில பரிசோதனைகளும் அடங்கும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104க்குப் பேசுங்கள். பீரோவில் இருக்கும் ரிப்போர்ட்டில் 4 அல்லது 5 என்றிருந்து, பயாப்சி இன்னும் ஆகவில்லை என்றால் இந்த வாரமே கிளம்புங்கள்.