கடல் கடந்த பெண்கள் – 7: ஹோபோக்கன் துறையில் ஏறியவர்கள்

நியூ ஜெர்சியின் ஹோபோக்கனில் பாத் ரயில் ஏறி மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போகும் தமிழர்கள் இன்று ஏராளம். அந்த ரயில் நிலையத்துக்குச் சற்று வடக்கே, ஹட்சன் ஆற்றங்கரையில், ஹாலந்து - அமெரிக்கா கப்பல் நிறுவனத்தின் துறை இருந்தது. 1915 ஏப்ரல் 13 அன்று அந்த நிறுவனத்தின் 'நூர்டாம்' கப்பல் நாற்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களோடு புறப்பட்டது. ஐரோப்பா எட்டு மாதமாகப் போரில் எரிந்துகொண்டிருந்தது. ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் சமாதானம் பேச அட்லாண்டிக்கைக் கடக்கப் புறப்பட்டவர்கள் இவர்கள்.

தலைமை தாங்கியவர் சிகாகோவில் 'ஹல் ஹவுஸ்' நடத்திய ஜேன் ஆடம்ஸ். உடன் பொருளாதாரப் பேராசிரியர் எமிலி பால்ச், தொழிற்சாலைகளில் ஈயம் தொழிலாளர் உடம்பை எப்படி அரிக்கிறது என்று ஆராய்ந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், பெண் தொழிலாளர் சங்கத்தின் லியோனோரா ஓ'ரெய்லி. முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இவர்களுடைய முயற்சியை முட்டாள்தனம், கீழ்த்தரம் என்று வெளிப்படையாகவே திட்டினார்.

இவர்கள் போகவிருந்த மாநாட்டின் திட்டம் தீட்டப்பட்டது ஆம்ஸ்டர்டாமில். பெண்கள் வாக்குரிமைக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 1915-இல் பெர்லினில் கூடுவதாக இருந்தது. போர் அதைக் கலைத்தது. அப்படியானால் நடுநிலை நாடான எங்கள் மண்ணில் கூடுவோம் என்றார் டச்சு மருத்துவர் அலெட்டா யாகோப்ஸ். பிப்ரவரியில் பிரிட்டிஷ், ஜெர்மன், பெல்ஜிய, டச்சுப் பெண்கள் சிலர் ஆம்ஸ்டர்டாமில் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அப்போது பெல்ஜியத்தின் பெரும்பகுதி ஜெர்மன் ராணுவத்தின் பிடியில் இருந்தது என்பதை நினைத்துக்கொண்டு இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

ஹேக் நகரில் நடக்கவிருந்த அந்த மாநாட்டுக்கு வருகிறவர் இரண்டு கொள்கைகளை ஏற்க வேண்டும் என்று முடிவானது: நாடுகளின் தகராறுகள் அமைதி வழியில் தீர்க்கப்பட வேண்டும், பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை வேண்டும். அதோடு ஒரு தடையும் விதித்தார்கள். இந்தப் போருக்கு யார் காரணம், யார் அதை எப்படி நடத்துகிறார்கள் என்ற பேச்சை எடுக்கக்கூடாது. குற்றவாளியைப் பெயர் சொல்லாத சமாதானம் என்ன சமாதானம் என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தத் தடை இல்லாவிட்டால் முதல் நாள் காலையிலேயே மண்டபம் இரண்டாகப் பிளந்திருக்கும். தீர்ப்பைத் தள்ளிவைத்ததால்தான் எதிரி நாட்டுப் பெண்கள் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார முடிந்தது. அந்த மாநாட்டின் மிகத் துணிச்சலான முடிவு அதுதான் என்பேன்.

அரசுகள் சும்மா இருக்கவில்லை. பிரிட்டனிலிருந்து நூற்றெண்பது பெண்கள் புறப்படத் தயாரானார்கள். உள்துறை அமைச்சகம் அதை இருபத்துநான்காகச் சுருக்கியது. அவர்கள் கப்பலுக்குக் காத்திருந்தபோது வட கடலில் போக்குவரத்தே நிறுத்தப்பட்டது. கடைசியில் மாநாட்டில் உட்கார்ந்த பிரிட்டிஷ் பெண்கள் மூவர். கிறிஸ்டல் மேக்மில்லனும் கேத்லீன் கோர்ட்னியும் முன்பே ஹாலந்து போய்விட்டவர்கள். எம்மலின் பெதிக்-லாரன்ஸ் அமெரிக்காவிலிருந்து நூர்டாமிலேயே வந்தவர்.

நூர்டாமையும் ஆங்கிலேயர்கள் டோவர் அருகே சில நாட்கள் நிறுத்தி வைத்தார்கள். பயணம் முழுக்க அந்தப் பெண்கள் கப்பலையே வகுப்பறையாக்கியிருந்தார்கள். போர் முடியும்வரை காத்திராமல் நடுநிலை நாடுகள் தொடர்ந்து மத்தியஸ்தம் செய்ய வேண்டும் என்று விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆசிரியை ஜூலியா கிரேஸ் வேல்ஸ் எழுதிய திட்டத்தை அலசினார்கள். அவர்கள் நடுக்கடலில் இருந்தபோது, ஏப்ரல் 22 அன்று, ஈப்ரே போர்முனையில் ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள்.

ஏப்ரல் 28. ஹேக் நகரின் விலங்கியல் பூங்கா மண்டபத்தில் மாநாடு தொடங்கிய அன்றுதான் அமெரிக்கர்கள் வந்து சேர்ந்தார்கள். பன்னிரண்டு நாடுகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். பெல்ஜியத்திலிருந்து ஐவர், ஜெர்மன் ஆட்சியாளர்களிடமே அனுமதி வாங்கி வந்தார்கள். எல்லை ஊரில் உடல் சோதனை. அங்கிருந்து டச்சு ஊர் வரை இரண்டு மணி நேர நடை. அவர்களை மேடைக்கு வரவேற்றவர் ஜெர்மனியின் அனிதா ஆக்ஸ்பர்க்.

பிரான்சிலிருந்து யாரும் வரவில்லை. அந்தப் பன்னிரண்டு நாடுகளில் இந்தியாவும் இல்லை. லாகூர் டிவிஷனின் இந்தியச் சிப்பாய்கள் அதே வாரத்தில் ஈப்ரேயில் மடிந்துகொண்டிருந்தார்கள். அவர்களின் தாய்மார்களுக்கும் மனைவிகளுக்கும் அந்த மண்டபத்தில் ஒரு நாற்காலிகூடப் போடப்படவில்லை. எத்தனை உயர்ந்த முயற்சியாக இருந்தாலும் இந்தக் குறையை மறைத்து எழுத எனக்கு மனம் வராது. இந்தியா இழுத்துவிடப்பட்ட போரில், சமாதானத்தைப் பேசிய மண்டபத்தில் இந்தியப் பெண்கள் இல்லை.

நான்கு நாட்களில் தீர்மானங்கள் நிறைவேறின. எல்லாம் முடிகிற நேரத்தில் ஹங்கேரியின் ரோசிகா ஷ்விம்மர் எழுந்தார். தீர்மானங்களைத் தபாலில் அனுப்பினால் யார் படிப்பார்கள்? நாமே தலைநகர் தலைநகராகப் போய், பிரதமர்கள் கையில் கொடுப்போம் என்றார். நடைமுறைக்கு ஒத்துவராது என்று பலர் எதிர்த்தார்கள். ஆடம்ஸுக்கே தயக்கம் இருந்தது. ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது.

உடனே இரண்டு குழுக்கள் பிரிக்கப்பட்டன. ஆடம்ஸும் யாகோப்ஸும் லண்டன், பெர்லின், வியன்னா பக்கம். பால்ச், ஷ்விம்மர், மேக்மில்லன் ஸ்காண்டிநேவியாவுக்கும் ரஷ்யாவுக்கும். மாநாடு முடிந்த ஒரு வாரத்தில், மே 7 அன்று, பிரிட்டிஷ் பயணிகள் கப்பலான லூசிடேனியா ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் அமைச்சர்கள் இவர்களுக்குக் கதவு திறந்தார்களா, திறந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)