மலைமேலிருந்து கடலடி வரை

பெரம்பலூரைப் பலரும் அறிவது பேருந்தின் சாளரம் வழியாகத்தான். திருச்சியிலிருந்து சென்னைக்கு விரையும் நெடுஞ்சாலையில், மேற்கே ஒரு நீல மலைத்தொடர் சிறிது நேரம் உடன் வந்து மறையும். அம்மலையையும், அதன் கிழக்கே சரிந்து செல்லும் நிலத்தையும் ஆற அமரக் காண விரும்பி, உபதேசியாரும் பீடச் சிறுவர் மூவரும் உடன்வரப் பழைய ஜீப்பில் நாம் புறப்பட்டோம். குருக்களுக்கு வார இறுதியில் ஓய்வு ஏது என்று வாசகர் வினவலாம். சனிக்கிழமை காலைத் திருப்பலிக்கும் மாலைத் திருப்பலிக்கும் இடைப்பட்ட பொழுது ஒன்று. ஞாயிறு நண்பகலுக்குப் பிற்பட்ட பொழுது மற்றொன்று. அவ்வளவே.

முதல் நாள் குரும்பலூர், நக்கசேலம் வழியாகத் துறையூர் சென்று, சோபனபுரத்திலிருந்து பச்சைமலை ஏறினோம். வழி நெடுகச் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளையும் பூமி. பச்சைமலை உயரத்தில் பெரிதன்று. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 முதல் 1000 மீட்டர் வரையே. உதகையின் குளிரைத் தேடிச் செல்வோர் ஏமாறுவர். ஆனால் வளைவுக்கு வளைவு ஒலியெழுப்பி, முதல் கியரில் முனகிக்கொண்டே ஏறும் வண்டியில் காணக் கிடைப்பவை பல: மரவள்ளிக் கொல்லைகள், பலாவும் புளியும் நிழல் பரப்பும் வாசல்கள், வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று புன்னகைக்கும் மனிதர்கள். இங்கு வாழும் மக்கள் மலையாளிகள் எனப்படுவர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைத்தல் வேண்டா. மலையை ஆள்வோர் என்பதே பொருள், பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்பது அவர்கள் வழிவழியாகக் கூறும் செய்தி.

செங்காட்டுப்பட்டிக்கு அப்பால், வழி தெரியாத ஒரு பிரிவில் ஒரு முதியவரிடம் விசாரித்தோம். “இந்த ரோடு எங்க போகுதுங்களா? எங்க ஊருக்குத்தான் சாமி போகுது. அதுக்கு மேல போகாது” என்றார். அவ்வூருக்கே சென்று, அவர் வீட்டுத் திண்ணையில் மோர் அருந்தித் திரும்பினோம். நெடுஞ்சாலையில் இந்த மோர் கிடைக்காது.

மலையின் பாறை கோடானுகோடி ஆண்டுகள் பழமையானது. ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், இம்மலைநாட்டிற்குக் கிழக்கே இன்றைய அரியலூர்ப் பக்கமெல்லாம் கடல் பரவியிருந்தது. ஆகவே மறுநாள் பெரம்பலூருக்குத் தெற்கே நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பியபோது, ஒரு வகையில் நாம் கரையிலிருந்து கடலுக்குள் இறங்கினோம் எனலாம்.

அதற்குச் சான்று சாத்தனூரில் கிடக்கிறது: கல்லாகிப்போன ஒரு மரம். நீளம் 18 மீட்டர். நிலத்தில் வளர்ந்த மரம் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு, மணலில் புதையுண்டு, நார் நாராகக் கல்லாயிற்று. 1940ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன். இன்று வேலியிட்டுக் காக்கின்றனர்.

காரையில் வேலி இல்லை. மழைநீர் அரித்த களிமண் மேடுகளும் ஓடைகளுமாய், புல்லும் முளைக்கத் தயங்கும் வெளி அது. ஆங்காங்கே ஜிப்சம் தகடுகள் கண்ணாடி போல் மின்னின. ஆடு மேய்த்த சிறுவன் ஒருவன் விரல் நீளக் கல் ஒன்றை நீட்டினான். “தோட்டா, சாமி. பழைய சண்டையில விழுந்தது.” அது கணவாய் மீனுக்கு உறவான ஓர் உயிரினத்தின் உடலுள் இருந்த கூடு என்றும், இங்கே கடல் இருந்தது என்றும் விளக்கினோம். “கடலா? குடிக்கவே தண்ணி இல்லையே!” என்று அவன் சிரித்த சிரிப்பில் உபதேசியாரும் சேர்ந்துகொண்டார். எவரேனும் கல் கேட்டு வருவார்களா என்றோம். காரில் வருவோர் பை நிறைய அள்ளிச் செல்வார்களாம்; சிலர் காசும் தருவார்களாம்.

ஊட்டத்தூர், அரியலூர் என்னும் நம் ஊர்ப் பெயர்கள் உலக நிலவியல் நூல்களில் பாறை அடுக்குகளுக்குப் பெயராய் நிற்கின்றன. ஊரிலோ, கையால் எடுத்துப் போகக்கூடியதெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் ஒரு மாபெரும் டைனோசரின் எலும்புகள் கிடைத்தன. 1980களில் அறிஞர் இருவர் அவற்றை விவரித்து எழுதினர். உலகில் வாழ்ந்த மிகப் பெரிய விலங்குகளுள் ஒன்றாய் இருக்கலாம் என்று கருதப்பட்ட அவ்வெலும்புகள், பாதுகாக்கப்படுமுன்னரே உதிர்ந்து போயின. இன்று எஞ்சியிருப்பவை எழுத்தும் படங்களுமே.

சுண்ணாம்புக்கல் எடுப்போரைப் பழிப்பது எளிது. அதுவும் அந்தக் கடலின் சிப்பிகளும் வண்டலும் இறுகியதே. 1979 முதல் அரியலூரில் அரசின் சிமெண்டு ஆலை இயங்குகிறது. தனியார் ஆலைகளும் பல. அவற்றால் பிழைக்கும் குடும்பங்கள் நம் பங்குகளிலும் உண்டு. நம் பங்கு மண்டபமும் சிமெண்டால் எழுந்ததே. ஆயினும், ஒரு சுரங்கம் தோண்டுமுன் அவ்விடத்து அரியவற்றைப் பொறுக்கி வைக்க ஒரு மாத காலம் ஒதுக்கினால் எவருக்கு நட்டம்? அரியலூரை அடுத்த வாரணவாசியில் அரசின் அருங்காட்சியகம் இருக்கிறது. வைக்க இடமில்லை என்று சொல்வதற்கில்லை.

திரும்பும்போது அரியலூர்ச் சாலையில் இருட்டிவிட்டது. முன்னே தார்ப்பாய் மூடிய லாரிகள் வரிசையாய் ஊர்ந்தன. முந்த வழியில்லை. பின்னிருக்கைச் சிறுவர் அவற்றை எண்ணத் தொடங்கினர். நாற்பதைத் தாண்டியதும் உறங்கிவிட்டனர்.