சாலைக்கு மேலே ஒரு காட்டுப் பாலம்

காட்டு வழியே செல்லும் இரவுப் பேருந்தில் நீங்கள் பயணம் செய்திருக்கலாம். ஓட்டுநர் திடீரென்று பிரேக்கை அழுத்துகிறார். விளக்கொளியில் ஒரு மான் திகைத்து நிற்கிறது. நல்லவேளையாகப் பேருந்து நின்றுவிடுகிறது. நிற்காமல் போயிருந்தால்?

இந்தக் கேள்வி கனடா நாட்டுப் பொறியாளர்களைப் பல ஆண்டுகள் வாட்டியது. அங்கே ராக்கி மலைத்தொடரில் பான்ஃப் தேசியப் பூங்கா உள்ளது. 1885ஆம் ஆண்டில் தோன்றிய இதுவே அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா. கனடாவைக் கிழக்கு மேற்காகக் கடக்கும் நெடுஞ்சாலை இதனுள்ளே, ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகச் செல்கிறது. மலைநாட்டில் சாலை போடச் சமதரை வேண்டும். அது பள்ளத்தாக்கில்தான் கிடைக்கும். விலங்குகளுக்கும் நல்ல மேய்ச்சலும் நீரும் அங்கேதான். ஆக, இரு தரப்பாருக்கும் ஒரே இடம்! இரண்டு தடங்களே இருந்த அச்சாலையில் வண்டிகள் பெருகின; விபத்துகளும் பெருகின. 1980களின் தொடக்கத்தில் அதை நான்கு தடச் சாலையாக அகலப்படுத்தும் வேலை தொடங்கியது.

ஒரு சிறு கணக்கு

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இது நொடிக்கு 25 மீட்டர். விலங்கைக் கண்டு ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொட ஒன்றரை நொடி ஆகலாம். அதற்குள் கார் 37 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். பிறகு, உலர்ந்த சாலையில் கார் நிற்க இன்னும் 45 மீட்டர் தேவை. மொத்தம் 82 மீட்டர். தாழ்த்திய விளக்கின் ஒளியோ ஏறத்தாழ 60 மீட்டர் வரைதான் தெளிவாகக் காட்டும். விலங்கைக் கண்ட பின் நிறுத்த முடியாது என்பது இதிலிருந்து விளங்குகிறதல்லவா?

இவ்வேகத்தில் மோதுவது, 32 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு பத்து மாடிக் கட்டடத்திலிருந்து, கார் கீழே விழுவதற்குச் சமம். மூஸ் போன்ற உயரமான மான் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். காரின் முன்பகுதி அதன் கால்களைத்தான் தாக்கும். பல நூறு கிலோ எடையுள்ள உடல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும்.

அகலம் கூடினால் என்ன ஆகும்?

சாலையை அகலமாக்கினால் எதிரெதிரே வரும் வண்டிகள் மோதிக்கொள்வது குறையும். ஆனால் விலங்கின் நிலை என்ன? சராசரியாகப் பத்து நொடிக்கு ஒரு வண்டி, ஒழுங்கற்ற இடைவெளிகளில் வருவதாகக் கொள்வோம். குறுகிய சாலையைக் கடக்க ஒரு மானுக்கு 5 நொடி போதும் என்றால், அந்நேரத்தில் வண்டி எதுவும் வராமலிருக்க 100க்கு 61 வாய்ப்பு உண்டு. அகன்ற சாலையைக் கடக்க 15 நொடி ஆகுமானால் அந்த வாய்ப்பு 22 ஆகச் சுருங்கிவிடும். அகலம் மூன்று மடங்கானால் ஆபத்தும் அதே அளவில்தான் கூடும் என்று எண்ணிவிடக் கூடாது. 5 நொடித் தடை மூன்று முறை அடுத்தடுத்து வந்தது போலத்தான் இது. 0.61ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், விளங்கும்.

எனவே சாலையின் இருபுறமும் 2.4 மீட்டர் உயரத்தில் வேலி எழுப்பினார்கள். தப்பித் தவறி உள்ளே வந்துவிட்ட விலங்கு வெளியே குதித்துத் தப்ப மண்மேடுகளும் அமைத்தார்கள். விபத்துகள் குறைந்தன. ஆனால் வேலி மட்டும் போதுமா? அது காட்டையே இரண்டாக வெட்டிவிடும். இந்தப் பக்கத்துக் கரடி அந்தப் பக்கத்துத் துணையைத் தேடிச் செல்ல முடியாது. சிறு கூட்டத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்தால் நாளடைவில் அந்த இனமே நலிந்துவிடும்.

கரடிகள் ஏறிய பாலம்

ஆகவே சாலைக்கு அடியில் 38 வழிகளையும், மேலே 6 பாலங்களையும் படிப்படியாக அமைத்தார்கள். மேம்பாலங்களின் மேல் மண் பரப்பி, புல்லும் மரமும் வளர்த்தார்கள். முதல் இரு மேம்பாலங்கள் 1997இல் முடிந்தபோது, வீண் செலவு என்ற பேச்சும் எழுந்தது. விலங்குகளுக்குப் பாலத்தைக் காட்டிக் கொடுப்பது யார்?

ஆராய்ச்சியாளர்கள் மணலைப் பரப்பிக் கால்தடங்களைக் கணக்கெடுத்தார்கள். தானியங்கிக் கேமராக்களையும் வைத்தார்கள். மான்கள் விரைவில் பழகிக்கொண்டன. கிரிஸ்லி கரடிகளுக்கோ சுமார் ஐந்து ஆண்டுகள் பிடித்தன. முதலாண்டிலேயே முடிவு கட்டியிருந்தால், பாலம் தோல்வி என்றுதான் எழுதியிருப்பார்கள்! கிரிஸ்லியும் எல்க் மானும் ஓநாயும் அகன்ற திறந்த பாலங்களை விரும்பின. கருங்கரடியும் கூகர் என்னும் மலைச்சிங்கமும் குறுகிய மறைவான வழிகளை நாடின. ஒரே வகைப் பாலம் எல்லோருக்கும் ஏற்றதல்ல என்பது தெரியவந்தது.

பாலம் கடந்த கரடி அங்கே துணை தேடியதா? முள்கம்பியில் சிக்கிய முடிகளைச் சேகரித்து, அவற்றின் டி.என்.ஏ.வை ஆராய்ந்தார்கள். கடந்து சென்ற கரடிகள் மறுபக்கத்தில் குட்டிகளுக்குப் பெற்றோராகியும் இருந்தன! 2014இல் இம்முடிவு வெளியாயிற்று. வேலியும் பாலங்களும் சேர்ந்து வண்டி-விலங்கு மோதல்களை 80 விழுக்காட்டுக்கு மேல் குறைத்துவிட்டன.

இது தொலைதூரத்துச் செய்தி மட்டுமன்று. ஸ்ரீநகரிலிருந்து நம் கன்னியாகுமரி வரை வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, மத்திய இந்தியாவில் பெஞ்ச் புலிகள் காட்டை ஒட்டிச் செல்கிறது. அங்கே சாலையைத் தூண்களின் மேல் உயர்த்தி, அடியில் விலங்குகளுக்கு வழி விட்டிருக்கிறார்கள். புலிகள் அவ்வழியே நடந்து செல்வதைக் கேமராக்கள் படம் பிடித்துள்ளன.

சாலை வேண்டும், காடும் வேண்டும். அப்படியானால் சாலையின் வரைபடத்தை விரிக்கும் நாளிலேயே விலங்கின் வழியையும் அதில் குறித்துவிட வேண்டும். பாலம் கட்டிய பின்னும், கரடிக்குப் பழக ஐந்தாண்டு கொடுக்கும் பொறுமை நமக்கு வேண்டும்.